குரலுக்கு முன் ஒரு வாசகம்

சென்ற வாரம் என் வீட்டுக்கு ஒரு திருமணப் பத்திரிகை வந்தது. அச்சாவதற்கு முன்பே வந்தது.

கொண்டுவந்தவர்கள் இருவர். மணமகள் ஸ்டெல்லா, அவளுடைய தாய் லூர்தம்மா. ஸ்டெல்லா இன்று திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. நானோ அவளை இரட்டைச் சடையும் சீருடையுமாக இருந்த நாளிலிருந்து அறிவேன். லூர்தம்மா காசிமேட்டில் மீன் விற்பவர், பேச்சில் சிக்கனமானவர்.

ஸ்டெல்லா பத்திரிகையின் மாதிரியை மேசைமீது விரித்தாள். மணமகளின் தந்தை பெயருக்கு முன்னால் சிறிது இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

“பிரஸ்காரரு கேக்கறாரு அங்கிள். நைனா பேருக்கு முன்னாடி இன்னா போடறதுன்னு. திரு போடவா, அமரர் போடவான்னு.”

நான் லூர்தம்மாவைப் பார்த்தேன். தலையில் பூ; கழுத்தில் தாலி. அவர் கணவர் சவரி கடலில் காணாமற்போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உடல் கிடைக்கவில்லை. சவரி இறந்துவிட்டார் என்று அந்த வீட்டில் யாரும் இதுவரை சொன்னதில்லை. சொல்ல லூர்தம்மா விட்டதில்லை.

அவர் பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேறொன்று கேட்டார்.

“அண்ணே, அந்த கேசட்டு கீதா?”

“இருக்குதும்மா.”

“அந்த அட்டை?”

“அதுவும் இருக்குது.”

“ஞாயித்துக்கெழம பூசைக்கு அப்பால வூட்டுக்கு எட்த்துகினு வா. ரெண்டுத்தையும்.”

அவ்வளவுதான். தேநீர்கூட அருந்தாமல் எழுந்துவிட்டார்.

எந்தக் கேசட்? எந்த அட்டை? — நீங்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. விடை சொல்ல வேண்டுமானால், உங்களை என் மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இன்றைய மாடிக்கு அல்ல... மூன்று டிஷ் ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பழைய மாடிக்கு.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்போர் அறிவர். நான் எழுத்துக்கு வந்தது கேபிள் வழியாக. எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டுவிட்டது. நான் படிப்பை விடவில்லை. பகலில் கல்மண்டபத்தில் ஓர் எலெக்ட்ரிக் கடையில் வேலை, மாலையில் நூலகம். பிறகு தெருவுக்குத் தெரு கம்பி இழுத்துக் கேபிள் தொழிலில் இறங்கினேன். ராயபுரத்தில் சில தெருக்களுக்கு மட்டும் ஓர் உள்ளூர் சேனலும் நடத்தினேன்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அது ஒரு சேனலா? பிறந்தநாள் வாழ்த்து, தேர்த் திருவிழா ஒளிபரப்பு, நேயர் விருப்பப் பாடல், காணாமற்போன நாய்... ஆனால் திரையில் ஓடும் ஒவ்வொரு வரியையும் நானே எழுதுவேன். நூலகத்தில் கற்ற தமிழை வேறெங்கே செலவிடுவது? “தவிர்க்கவியலாத காரணத்தால் ஒளிபரப்பு தடைப்பட்டமைக்கு வருந்துகிறோம்” என்று மின்வெட்டுக்குக்கூட இலக்கணத்தோடு வருந்தியவன் நான்.

“கேபிள் நைனா, கரண்டு போனதகூட கல்யாணப் பத்திரிக மாரி சொல்றியே!” என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த மாடியின் ஆஸ்பெஸ்டாஸ் அறைக்குத்தான் ஒரு சனிக்கிழமை காலையில் ஃபிலோ மிஸ் வந்தார். அருகிலிருந்த பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அவருக்குப் பின்னால் படிகளில் பதினோராம் வகுப்புப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

“சார், ஸ்கூல் வி.சி.ஆர். வேலை செய்யலை. உங்க ரூம்ல ஒரு கேசட் போட்டுக் காட்டலாமா?”

திருட்டுப் புதுப்படக் கேசட்டோ என்று ஒரு கணம் அஞ்சினேன். இல்லை. மிஸ்ஸின் உறவினர் ஒருவர் ஆஸ்திரேலியாவில் கன்னியாஸ்திரீ. அந்நாட்டின் ஆதிக்குடி மக்கள் எழுதிய சிறுகதைகள் அடங்கிய ஒரு புத்தகம், அவர்கள் நடத்தும் வானொலியில் பதிவான ஒலிநாடாக்கள், அவர்களே எடுத்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி — இவற்றை ஒரு பார்சலாக அனுப்பியிருந்தார். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு மிஸ் சனிக்கிழமைகளில் ஓர் ஆங்கில வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். மதிப்பெண் கிடையாது. ஆயினும் பெண்கள் வந்தார்கள்.

ஏன் வந்தார்கள்? நான் ஒயர்களைச் சரிபார்க்கும் பாவனையில் மூலையில் நின்று கேட்டபோதுதான் விளங்கியது.

தேன்மொழி என்றொரு பெண். தண்டையார்பேட்டை, ஆட்டோ ஓட்டுநரின் மகள், வாய்க்குப் பூட்டே கிடையாது. ஒரு கதையை வாசித்து முடித்ததும் கேட்டாள்:

“மிஸ், இது ஆதிவாசிக் கததானே? ஈட்டியக் காணோம், காட்டக் காணோம். அந்தப் பொண்ணு பாட்டுக்கு பஸ் ஏறி வேலைக்குப் போயிகினு கீறா?”

“உன் வீட்டுல கட்டுமரம் இருக்கா தேன்மொழி?”

“எங்க அப்பா ஆட்டோ ஓட்றாரு மிஸ்.”

“ஆனா வடசென்னைன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க?”

“கட்டுமரம்... கருவாடு... கத்தி.”

“அதேதான். அந்தப் பொண்ணோட அண்ணன் டாக்சி ஓட்டறான். கதையை அவங்களே எழுதினதாலதான் டாக்சி வந்துச்சு. வேற யாராவது எழுதியிருந்தா ஈட்டிதான் வந்திருக்கும்.”

 ஒயர் சரிபார்க்கும் பாவனையை நான் மறந்தேபோனேன்.

இன்னொரு வாரம், அந்தக் கதையில் ஒரு தாய் பேசும் ஆங்கிலத்தைப் பற்றி விவாதம். பாடநூல் ஆங்கிலம் அன்று அது.

“தப்பு தப்பா கீது மிஸ். நாங்க எழுதுனா நீங்க செவப்பு மையில கோடு போடுவீங்க.”

“நீங்க எழுதினா போடுவேன். அவங்க எழுதினா போட மாட்டேன். ஏன்னு யோசிச்சிட்டு வாங்க.”

அடுத்த சனிக்கிழமை விடை கொண்டுவந்தவள் ஸ்டெல்லா. அதிகம் பேசாத பெண். எழுந்து நின்று, சடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

“அது அவங்க வூட்ல பேசறது மிஸ். வூட்ல பேசறதுக்கு யாரு மார்க்கு போடறது?”

 மிஸ் கரும்பலகை இல்லாத என் சுவரில் சாய்ந்துகொண்டு புன்னகைத்தார்.

வீடியோவைப் போட்ட நாள்தான் முக்கியம். படம் தொடங்கும் முன் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. மிஸ் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

இறந்துபோன ஆதிக்குடியினரின் உருவமும் குரலும் இதில் இருக்கக்கூடும். பார்ப்போர் அறிந்துகொள்க — இதுவே அதன் சாரம். அம்மக்களில் சில குடிகளின் வழக்கப்படி, ஒருவர் இறந்தால் குறிப்பிட்ட காலம்வரை அவர் பெயரை உச்சரிப்பதில்லை, படத்தைக் காட்டுவதில்லை. எல்லாக் குடிகளுக்கும் ஒரே வழக்கமில்லை என்பதையும் மிஸ் அழுத்திச் சொன்னார். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதைக் குடும்பத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம்.

தேன்மொழிக்குப் பொறுக்கவில்லை.

“நம்ம ஏரியாவுல செத்து அர மணி நேரத்துல கல்மண்டபம் பூரா போஸ்டர் ஒட்டிருவாங்க மிஸ். செத்தவரே எந்திரிச்சு வந்து படிச்சுட்டுப் போலாம்!”

ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிரும்படி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டாத சுவர் எங்கள் பக்கத்தில் உண்டா என்ன?

அந்தப் படம் பார்த்த வேகத்தில்தான் பெண்களுக்கு ஆசை பிறந்தது. அந்த மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே நிகழ்ச்சி எடுக்கிறார்கள்; நாம் ஏன் எடுக்கக்கூடாது? கேபிள்காரர் இருக்கிறார். திருமண வீடியோ எடுக்கும் கேமரா இருக்கிறது. சேனலும் இருக்கிறது.

சம்மதித்தேன். ஒரே நிபந்தனை: என் சேனலில் நல்ல தமிழ்தான் ஒலிக்க வேண்டும். ‘இன்னா’வும் ‘கீது’வும் கூடாது.

ஃபிலோ மிஸ் மரியாதையாகத்தான் கேட்டார். “சார், நீங்க பிறந்த வீட்டுல எப்படிப் பேசினாங்க?”

நான் கேமராவை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பெண்கள் யாரை எடுத்தார்கள் என்று எண்ணுகிறீர்கள்? ரயில் நிலையத்தில் பூ விற்கும் பெண்மணி, தண்டையார்பேட்டைப் பட்டறைத் தொழிலாளர், தேன்மொழியின் தந்தை... ஆனால் நிகழ்ச்சியையே தூக்கி நிறுத்தியவர் ஸ்டெல்லாவின் தந்தை சவரிதான். மீன்பிடித் துறைமுகத்தில் வலை பழுதுபார்த்துக்கொண்டே பேசினார். கேமராவை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேளு, கேளு, சீக்கிரம் கேளு. மீனு வெயிட் பண்ணாது.”

சினிமாவில் உங்களைக் காட்டுவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தேன்மொழி கேட்டாள்.

“சினிமாக்காரன் நம்மளக் காட்னா கையில கத்தி குடுக்கறான். வாஸ்தவந்தான்... கையில கத்தி கீது. வஞ்சிரம் வெட்ட. அத்த யாரு காட்றான்?”

கடைசிக் கேள்வி ஸ்டெல்லாவினுடையது. மகள் கேட்கிறாள்; குரல் நடுங்குகிறது. கடலிலிருந்து திரும்பும்போது எப்படி இருக்கும் நைனா?

சவரி ஊசியை வலைக்கண்ணில் நிறுத்தினார்.

“தூரத்துல ஆர்பர் லைட்ட பாத்துட்டா போதும். மனசு மொதல்ல வூட்டுக்கு வந்துரும். ஒடம்பு பின்னால மெதுவா வரும்.”

நிகழ்ச்சியைத் தொகுத்து முடித்தேன். ஒளிபரப்ப நாள் குறித்தோம். அதற்கு முன் மழைக்காலம் முந்திக்கொண்டது.

காற்று திடீரென்று திரும்பிய ஒரு நாளில் சவரியின் படகு கவிழ்ந்தது. உடன் சென்ற இருவரைப் பழவேற்காட்டுப் பக்கம் வேறு படகுக்காரர்கள் மீட்டனர். சவரியை அவர்கள் காணவில்லை. கரையிலும் ஒதுங்கவில்லை. நாட்கள் சென்றன, தேடிய படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஸ்டெல்லா பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

நிகழ்ச்சியை என்ன செய்வது? சவரியை நீக்கிவிடலாம் என்றேன். பெண்கள் அழுதார்கள். அவரில்லாமல் அதில் என்ன இருக்கிறது என்றார்கள். இறுதியில், மிஸ்ஸுக்கும் தெரியாமல், அவர்களே ஒரு வழி கண்டார்கள். தாங்கள் படித்த அந்த மக்கள் எப்படிச் செய்வார்கள்? முன்னால் ஓர் அறிவிப்பு வைப்பார்கள். அப்படியே செய்வோம்!

ஒரு வெள்ளைச் சார்ட் அட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அங்கிள், நல்ல தமிழில் எழுதித் தாருங்கள்.

என்னிடம் நல்ல தமிழ் கேட்டு வந்தால் மறுப்பேனா? ஒரு மாலை முழுவதும் யோசித்து, சொல்லுக்குச் சொல் நிறுத்து, என் கையாலேயே எழுதினேன்: “இந்நிகழ்ச்சியில் காலமானவர் ஒருவரின் உருவமும் குரலும் இடம்பெறுகின்றன.” ஒளிபரப்புக்கு முன் கேமராவை அந்த அட்டையின்மீது நிறுத்தி, பிறகு கேசட்டை ஓடவிடுவது ஏற்பாடு.

மறுநாள் மிஸ் அட்டையைப் பார்த்தார். 

“யாரைக் கேட்டு எழுதினீங்க?”

பெண்கள் என்னைப் பார்த்தார்கள்; நான் அட்டையைப் பார்த்தேன். 

“அந்த அறிவிப்பை மட்டும் எடுத்துக்கிட்டீங்க. குடும்பத்தைக் கேட்கிறதை அங்கேயே விட்டுட்டீங்க. வாங்க போகலாம்.”

போனோம். மிஸ், நான்கைந்து பெண்கள், அட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி நான்.

லூர்தம்மா வாசலில் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையில் பூ வைத்திருந்தார். நான் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மிஸ் விஷயத்தைச் சொன்னார். நிகழ்ச்சியைக் காட்டுவதா, வேண்டாமா... நீங்கள் சொல்வதுதான் முடிவு.

“அத்த இன்னாத்துக்கு நிறுத்தணும்? போடுங்க. ஊரு பூரா பாக்கட்டும்.” பிறகு என் கக்கத்தைச் சுட்டினார். “அது இன்னா அட்டை?”

விரித்துக் காட்டினேன். லூர்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “இன்னா எழுதிகீது?” என்று மகளைக் கேட்டார்.

ஸ்டெல்லா படித்தாள். ‘காலமானவர்’ வரை வந்தாள்... அதற்குமேல் போகவில்லை.

நான் வாழ்க்கையில் எத்தனையோ வசவுகளைக் கேட்டிருக்கிறேன். கேபிள் தொழில் அப்படி. அன்று லூர்தம்மா வசை எதுவும் சொல்லவில்லை. கூடையைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“நீ பாத்தியா அண்ணே?”

“என்னம்மா?”

“அவரு செத்தத நீ பாத்தியா? நான் பாக்கல. அவரு கடலுக்குப் போயிக்கீறாரு. கடலுக்குப் போனவரு எப்ப வருவாருன்னு நானு என்னிக்கும் கேட்டதில்ல. இப்பவும் கேக்கல. நீ இன்னாத்துக்கு முடிச்சு வைக்கறே?”

 

தேன்மொழிதான் முதலில் அசைந்தாள். என் கையிலிருந்து அட்டையை வாங்கினாள். தரையில் கவிழ்த்துப் போட்டாள். வெற்றுப் பக்கம் மேலே வந்தது. ஸ்கெட்ச் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்:

“இன்னா எழுதணும், நீயே சொல்லு ஆயா.”

“ஆயாவா? உதைப்பேன். அக்கான்னு சொல்லு.”

காற்றில் அத்தனை நேரம் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. பெண்கள் அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினார்கள். லூர்தம்மா சொல்லச் சொல்லத் தேன்மொழி எழுதினாள். நான் குறுக்கிட்டு ‘சென்றிருக்கிறார்’ என்று திருத்தப்போனேன். மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து மக்கள் வீடு திரும்பிய நேரத்தில், என் சேனலின் திரையில் இந்த வரி நின்றது:

“இதுல பேசுற சவரி கடலுக்குப் போயிக்கீறாரு.”

இலக்கணத்தோடு மின்வெட்டுக்கு வருந்திய அதே சேனல்தான்! ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. மறு ஞாயிறும் போடச் சொல்லிக் கேட்டார்கள். போட்டேன்.

பிறகு காலம் ஓடிற்று. பெரிய நிறுவனங்கள் வந்தன. சிறிய கம்பிகள் அறுந்தன. டிஷ்களைப் பழைய இரும்புக்குப் போட்டேன். ஃபிலோ மிஸ் ஓய்வு பெற்று மகனிடம் சென்றுவிட்டார். தேன்மொழி ஒரு பண்பலை வானொலியில் வேலை செய்கிறாள். அங்கும் அதே வாய்தான் என்று கேள்வி. ஸ்டெல்லா, நான் முன்பே சொன்னபடி, ஆங்கிலம் கற்பிக்கிறாள். தன் மாணவர்கள் வீட்டுப் பேச்சில் எழுதினால் சிவப்புக் கோடு போடுவாயா என்று ஒருமுறை கேட்டேன்.

“பரீட்சைன்னா போடுவேன் அங்கிள். கதைன்னா போட மாட்டேன்.”

இனி இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

காலையில் தேவாலயத்தில் பூசைக் கருத்துகளை, அதாவது வேண்டுதல்களை, வாசித்தார்கள். இன்னாரின் நலனுக்காக, இன்னாரின் நன்றிக்காக... அந்த வரிசையில், சவரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று ஒலித்தது. இறந்தவர்களுக்கு மட்டுமே வைக்கும் வேண்டுதல் அது; ஒன்பது ஆண்டுகளில் முதன்முறை. எனக்கு முன் வரிசையில் இருந்த லூர்தம்மாவின் முதுகு அசையவில்லை. ஸ்டெல்லாதான் தாயின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.

வீட்டில் உறவினர் நிறைந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். என் பழைய வி.சி.ஆரைத் தூக்கிக்கொண்டு போய் இணைத்தேன். ஓடுமா என்ற ஐயம் எனக்கு. ஓடிற்று. கேசட்டைப் பொருத்தும் முன், வழக்கப்படி, அட்டையை டி.வி.க்கு முன்னால் சாய்த்து வைத்தேன். ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. தேன்மொழியின் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. கடலுக்குப் போயிக்கீறாரு.

 லூர்தம்மா தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். தலையில் அன்றும் பூ இருந்தது. அந்த வரியை — தன்னால் படிக்க முடியாத, தானே சொன்ன அந்த வரியை — சிறிது நேரம் பார்த்தார்.

“அண்ணே.”

“சொல்லும்மா.”

“எம்பொண்ணு பத்திரிகையில காலி எடம் இருக்கக் கூடாது.”

லூர்தம்மா அட்டையைச் சுட்டினார்.

“பின்னாடி நீ எழுதினது இன்னும் கீதா?”

“கீதும்மா,” என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நானே பிறகுதான் உணர்ந்தேன்.

“அட்டையத் திருப்பு.”

திருப்பினேன்.

ஸ்டெல்லா அதை உரக்கப் படித்தாள். இம்முறை இறுதிவரை படித்தாள். பிறகு நான் பொத்தானை அழுத்தினேன். திரையில் கோடுகள் ஓடி, வலை தெரிந்து, வலைக்குப் பின்னால் அவர் தெரிந்தார்.

“கேளு, கேளு, சீக்கிரம் கேளு. மீனு வெயிட் பண்ணாது.”

முதலில் சிரித்தவர் லூர்தம்மாதான்.

எத்தனையோ வாசகங்கள் எழுதியிருக்கிறேன்; தாமதமாக வெளிவந்ததற்காக நான் நன்றி சொல்லும் வாசகம் அது ஒன்றுதான்.